லூயி மார்ட்டின் உழைப்பாளியா, மனைவி சம்பாத்தியத்தில் இருந்தவரா?

பாலக்கரைவாசி
ஜூலை 12 வருகிறது. புனித லூயி, செலி மார்ட்டின் திருநாளன்று பங்குக் கோவிலில் தந்தையருக்கென்று பத்து நிமிஷம் பேசும் வேலையை எங்கள் அன்பியத்தார் (பங்கின் சிறு குழு) என் தலையில் கட்டிவிட்டார்கள். லிசியே புனிதையான குழந்தை தெரசம்மாளின் அப்பா என்ற அளவில் எல்லாருக்கும் தெரிந்தவர்தான். கையில் கிடைத்த துண்டுப் பிரசுரத்தில் "கடின உழைப்பாளி, குடும்பத்துக்காக வாழ்ந்தவர், விசுவாசத்தில் உறுதியானவர்" என்று இருக்கிறது. அதை அப்படியே வாசித்தால் முதல் வரிசையே கொட்டாவி விடும்.

போன வாரக் கூட்டத்தில் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். ஓர் அண்ணன் கேட்டார்: "1823ல பொறந்தவரு 1870ல கடிகாரக் கடைய வித்துட்டாருங்கிற. அப்ப 47 வயசு. அதுக்கு மேல மீன் புடிச்சாரு, தோட்டத்துல உக்காந்தாரு. சம்பாதிச்சது வீட்டம்மா. இதுல எங்கப்பா கடின உழைப்பு?" எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பக்திப் படத்துக்குப் பின்னால் எழுதும் வாசகம் வேண்டாம். ஆள் எப்படி வாழ்ந்தார் என்று வேண்டும்.

சாவிக்கடிகாரம்
வாட்ச் ரிப்பேர் எங்கள் குடும்பத் தொழில், அதனால் கடையைப் பற்றி நான் பேசுகிறேன்.

அப்பா ராணுவத்தில் கேப்டன். பையன் பிரான்சின் போர்தோவில் பிறந்தார். கடிகார வேலையை ரென், ஸ்திராஸ்பூர், பாரிஸ் என்று ஊர் ஊராகப் போய்க் கற்றார். நடுவில் 1845இல் ஆல்ப்ஸ் மலையில் பெரிய புனித பெர்னார்து மடத்துக்குப் போய்த் துறவியாகச் சேரக் கேட்டார். லத்தீன் தெரியாது என்பதால் படித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். படிக்க முயன்றார், உடம்பு முடியாமல் விட்டார். 1850இல் அலென்சோனில் சொந்தக் கடை போட்டார். பெற்றோரும் அவரோடுதான் இருந்தார்கள். கல்யாணம் 1858இல், 35ஆம் வயதை நெருங்கும்போது. ஆக எட்டு வருஷம் ஒண்டியாக நின்று கடையை நிலைநிறுத்தியவர்.

அந்தக் காலத்து வேலை என்றால் என்னவென்று இப்போது பேட்டரி மாற்றிக் கொடுக்கிறவர்களுக்குத் தெரியாது. எல்லாம் சாவி கொடுத்து ஓடுவது. உள்ளே ஓர் அச்சு ஒடிந்தால் லேத்தில் கடைந்து, தேய்த்து, பாலிஷ் போட்டு அந்தக் கடிகாரத்துக்கென்றே புதிதாகச் செய்யணும். கண்ணில் லூப்பை (சின்ன பூதக்கண்ணாடி) இடுக்கிக்கொண்டு ஹேர் ஸ்பிரிங்கைத் தொடும்போது மூச்சைக் கூட அடக்கணும். பிற்பகலானால் கழுத்து நரம்பு இழுக்கும். இருபது வருஷம் அதைச் செய்த மனுஷனைச் சும்மா இருந்தவர் என்று அந்த அண்ணன் சொன்னால் என் கடைக்கு ஒரு நாள் அனுப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விஷயம்தான் எனக்குப் பெரிது. கிராமத்து ஜனங்கள் திருப்பலிக்கு டவுனுக்கு வருவது அன்றைக்குத்தான். கல்யாணத்துக்கு நகை வாங்குவதும் அன்றைக்கே. இவர் கடையில் நகையும் உண்டு. மற்ற கடைக்காரர்கள் திறந்து வைத்திருக்கிறார்கள். நண்பர்கள் சொன்னார்கள், ஆன்ம குருவே சொன்னார்: முன்கதவைச் சாத்திக்கொள், பக்கவாட்டுக் கதவைத் திறந்து வை, பாவமில்லை என்று. இவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கல்லாவின் கனம் கடைக்காரனுக்குத்தான் தெரியும். நான் திறக்கிறவன்தான், மறைக்க என்ன இருக்கிறது.

கேள்விக்குறி
நல்லது. ஆனால் அண்ணன் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லையே. 1870க்குப் பிறகு என்ன செய்தார்?

மார்த்தாளின் அடுப்படி
இந்தத் தலைப்பே எனக்குப் பிடிக்கவில்லை. "மனைவி சம்பாத்தியத்தில் இருந்தவர்" என்பதை ஏதோ வசவு மாதிரி போட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த மனைவி யார் என்று பாருங்கள்.

செலி 1853இலேயே, அதாவது கல்யாணத்துக்கு ஐந்து வருஷம் முன்னாடியே, அலென்சோன் லேஸ் தொழிலைத் தன் பேரில் தொடங்கிவிட்டார். ஊசியால் பின்னுகிற அந்த லேஸை 2010இல் யுனெஸ்கோ பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம் பிடிக்கும் வேலை அது. ஒரே ஆள் முழுசாகச் செய்வதில்லை, ஒவ்வொரு கட்டமும் ஒரு கையில் தேர்ந்தவளிடம் போகும். பெண்கள் அவரவர் வீட்டில் பின்னி வியாழக்கிழமை கொண்டுவந்து கொடுப்பார்கள். துண்டுகளை இணைப்பு தெரியாமல் கோர்ப்பது மிக நுணுக்கமான வேலை. அதைச் செலி தன் கையால் செய்தார். ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, இரவு விளக்கிலும். ஆர்டர் குவிந்தால் உயிரை எடுக்கிறது, ஆர்டர் இல்லாவிட்டால் வேலைக்காரப் பெண்களுக்கு என்ன வழி என்று தூக்கம் போகிறது. இந்தப் பாழாய்ப்போன லேஸ்தான் என் பாட்டைக் கூட்டுகிறது என்று அவரே கடிதத்தில் புலம்பியிருக்கிறார்.

1870இல் லூயி தன் கடையைச் சகோதரி மகனுக்கு விற்றது ஓய்வெடுக்க இல்லை. மனைவியின் தொழில் பெரிதாகிவிட்டது, ஒருத்தியால் முடியவில்லை. கணக்கு, பணம், ஆர்டர் பிடிக்கப் பாரிஸ் பயணம் எல்லாம் இவர் கைக்கு வந்தது. தன் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு மனைவியின் பெயர்ப் பலகைக்குக் கீழே வந்து நின்ற ஆண் அவர். நம் ஊரில் இன்றைக்கு எத்தனை பேர் செய்வார்கள்? மாமியார் வீட்டில் வந்து சொல்லிப் பாருங்கள்.

பாலக்கரைவாசி தம்பி, உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

கோட்டாறு மைந்தன்
அருமை அக்கா. கல்யாணமான ஐந்தாவது வருஷம் செலி தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், என் கணவர் எவ்வளவு புனிதமான மனிதர், எல்லாப் பெண்களுக்கும் இப்படி ஒருவர் கிடைக்கட்டும் என்கிறார். மனைவியிடம் இந்தச் சான்றிதழ் வாங்குவது லேசா?

தூரத்து உறவு
என் வீட்டில் கேட்டுப் பார்த்தேன். "முதலில் சிலிண்டர் மாற்று" என்றாள்.

கேள்விக்குறி
சிரித்துவிட்டேன். இருந்தாலும் விடப்போவதில்லை. 9 பிள்ளைகள். 4 பேர் சின்ன வயசிலேயே சாவு. அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய், 1877 ஆகஸ்டில் 45 வயதில் இறக்கிறார். மிஞ்சிய 5 பெண்களும் கடைசியில் கன்னியர் மடத்தில். ஒரு பேரப்பிள்ளை கூட இல்லை. இதைப் "குடும்பத்துக்காக வாழ்ந்தவர்" என்று வாசிக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. குடும்பமே இல்லாமல் போன கதை மாதிரி இருக்கிறது. அதோடு 1888இல் லிசியே பேராலயப் பீடத்துக்கு 10,000 பிராங்க் தூக்கிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் கல்யாணச் செலவு இல்லை, கொடுக்கலாம்தான்.

கோட்டாறு மைந்தன்
பிரதர், புனிதர்களைப் பற்றி இப்படி நையாண்டி செய்வது சரியில்லை. இறை அழைத்தலைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியாது.

சாவிக்கடிகாரம்
அவர் கேட்கட்டும் கோட்டாறு. கேட்டால்தான் நமக்கும் யோசிக்க வரும்.

மார்த்தாளின் அடுப்படி
கேள்விக்குறி, 1870ஆம் வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் மகள் எலேன் இறந்தாள், 5 வயசு. பேசிச் சிரித்து ஓடியாடிய பிள்ளை, கைக்குழந்தை கூட இல்லை. அதற்கு முன் 1867, 68இல் ஜோசப் என்றே பேர் வைத்த இரண்டு ஆண் பிள்ளைகள் அடுத்தடுத்துப் போனார்கள், இரண்டும் ஒரு வயதைத் தாண்டவில்லை. 1870 அக்டோபரில் இரண்டு மாதக் குழந்தை மெலனி. அந்த வருஷத்திலேயே கடை கைமாறியது. பிரஷ்யாவோடு போர் மூண்டதும் அதே வருஷம், 1871 ஜனவரியில் அலென்சோனுக்குள் பிரஷ்யப் படை வந்து இவர்கள் வீட்டிலேயே சிப்பாய்களைத் தங்க வைத்தார்கள். இத்தனைக்கும் நடுவில் வியாழக்கிழமை தோறும் லேஸ்காரப் பெண்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும்.

நாங்கள் சாவு வீட்டுக்குப் போனால் "கடவுள் சித்தம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போவோம். அந்த வீட்டுக்காரர்கள் மறுநாள் காலையில் 5.30 மணித் திருப்பலிக்குப் போய்விட்டு வந்து வேலையில் உட்கார்ந்தார்கள். தினமும் அந்த முதல் பூசைதான், ஏழைபாழைகள் வரும் பூசை. அதை நான் உழைப்பிலிருந்து பிரித்துப் பார்க்க மாட்டேன்.

தெரசாள் 1873 ஜனவரி 2இல் பிறந்தபோதும் பிழைப்பாளா என்று சந்தேகம். பக்கத்துக் கிராமத்தில் பாலூட்டும் தாயிடம் ஒரு வருஷம் விட்டு வைத்துத்தான் தேற்றினார்கள்.

மணல்மேடு
மீன்பிடிப்பு பற்றி யாரோ கிண்டல் செய்தீர்கள். பிடித்த மீனை அலென்சோன் கிளாரா சபை மடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வழக்கம். வின்சென்ட் தே பவுல் சபையிலும் இருந்தார். நம் பங்குகளில் ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் உண்டியல் பிடிப்பார்களே, அதே சபைதான்.

ரயில் நிலையக் கதை தெரியுமா? வலிப்பு நோய்க்காரர் ஒருவர், ஊருக்குப் போக டிக்கெட் காசு இல்லாமல் ஸ்டேஷனில் நிற்கிறார். லூயி தன் தொப்பியைக் கழற்றி, முதலில் தன் காசைப் போட்டு, அங்கிருந்த பயணிகள் ஒவ்வொருத்தரிடமும் நீட்டிப் பணம் சேர்த்து டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பினார். டவுனில் பேர் தெரிந்த நகைக்கடைக்காரர் அவர். தொப்பியை நீட்டிக்கொண்டு நிற்கக் கூச்சப்படவில்லை.

பாலக்கரைவாசி
இது நல்ல விஷயம், எடுத்துக்கொள்கிறேன். மனைவி இறந்த பிறகு குடும்பத்தோடு லிசியேவுக்குப் போனது எதற்கு?

சாவிக்கடிகாரம்
செலியின் தம்பி அங்கே மருந்துக்கடை வைத்திருந்தார். தாயில்லாப் பெண்களுக்கு மாமா, அத்தை பக்கத்தில் இருக்கட்டும் என்று. மூத்தவளுக்கு 17, கடைசிக்கு நாலரை. லூயிக்கு 54. நண்பர்கள், தன் வயதான அம்மா, தோட்டம், மீன்பிடிக்கும் ஆறு எல்லாம் அலென்சோனில். மனைவியைப் புதைத்ததும் அங்கேதான். லேஸ் வியாபாரத்தை முடித்துக் கணக்குத் தீர்த்துவிட்டு 1877 நவம்பர் கடைசியில் லிசியே போய்ச் சேர்ந்தார். வேரோடு பிடுங்கி நட்ட மாதிரி. மறுமணம் செய்துகொள்ளவும் இல்லை.

பிள்ளைகளுக்கு அவர் வைத்த செல்லப் பேர்கள் அழகு. மரி அவருக்கு வைரம், பவுலின் முத்து, கடைக்குட்டி "என் ராணி". அவள் பதிலுக்கு "என் ராஜா" என்பாள்.

கேள்விக்குறி
கோபமே வராத அப்பாவா? நம்ப முடியவில்லை.

மணல்மேடு
வந்திருக்கிறது. 1886 கிறிஸ்துமஸ். நடுராத்திரித் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வருகிறார்கள். கணப்படுப்பு ஓரம் பிள்ளைகளின் காலணியில் பரிசு வைப்பது அங்கே வழக்கம். தெரசாளுக்கு 14 வயது ஆகப் போகிறது, இன்னும் அந்தச் சடங்கு நடக்கிறது. களைத்துப்போன அப்பா எரிச்சலோடு, நல்லவேளை இதுதான் கடைசி வருஷம் என்கிறார். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த தெரசாள் காதில் விழுந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் அழுகிற பெண், அன்றைக்கு அழுகையை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கி வந்து சிரித்துச் சிரித்துப் பரிசுகளைப் பிரித்தாள். தன் குழந்தைத்தனம் விட்டுப்போன இரவு அதுதான் என்று பின்னால் அவரே எழுதி வைத்திருக்கிறார். மகளை வளர்த்துவிட்டது அப்பாவின் ஒரு சிடுசிடுப்பு! எந்த அப்பாவுக்கும் இது ஆறுதலான செய்திதான்.

மார்த்தாளின் அடுப்படி
மடத்துக்கு அனுப்பியது பற்றிக் கேள்விக்குறி கேட்டதற்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இவர் யாரையும் தள்ளிவிடவில்லை. மகள் லியோனி இரண்டு தடவை மடத்தில் சேர்ந்து, முடியாமல் திரும்பி வந்தாள், இரண்டும் இவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே. வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. "போனவள் எப்படித் திரும்பி வரலாம், ஊர் என்ன பேசும்" என்ற பேச்சே இல்லை. நம்மவர்களில் மடத்திலிருந்தோ புகுந்த வீட்டிலிருந்தோ திரும்பி வந்த பெண்ணுக்கு என்ன வரவேற்பு என்று உங்களுக்கே தெரியும்.

1887 மே 1இல் லூயிக்கு முதல் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அதிலிருந்து தேறி வரும்போது, அதே மே 29, தூய ஆவி பெருவிழா மாலை, தோட்டத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் 14 வயது தெரசாள் போய் மடத்தில் சேர அனுமதி கேட்டாள். மூத்தவர்கள் இருவர் ஏற்கனவே போய்விட்டார்கள். கடைக்குட்டி இவள். அழுதார். சின்ன வயசாச்சே என்றார். பிறகு சம்மதித்தார். சுவரோரம் முளைத்திருந்த சின்ன வெள்ளைப் பூச்செடியைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார், வேரோடு வந்தது. சம்மதித்ததோடு நிற்கவில்லை. ஆயர் தயங்கியதும் அவளை ரோமுக்கே அழைத்துப்போய்த் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் (லியோ) முன்னால் நிற்க வைத்தார். உடம்பு முடியாத மனுஷன்.

எனக்கும் இதில் முழு உடன்பாடு கிடையாது. 15 வயதில் ஒரு பெண்ணை அடைபட்ட மடத்துக்குள் விடுவதற்கு நானாக இருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன். ஆனால் அவர் தனக்கு வசதி என்று செய்யவில்லை. வயதான காலத்தில் தனக்கு ஆறுதலாக இருந்த பிள்ளையைத்தான் விட்டுக்கொடுத்தார்.

தூக்கமில்லாதவள்
இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் கடை, லேஸ், மடம் என்று பேசுகிறீர்கள். கடைசி ஏழு வருஷத்தை ஏன் யாரும் தொடவில்லை?

என் அப்பாவுக்கு மறதி நோய். வாசற்கதவுக்கு உள்பூட்டு போட்டிருக்கிறோம். அதனால் எனக்கு லூயியின் கதை 1888 ஜூனில்தான் ஆரம்பிக்கிறது. மூளை இரத்தக்குழாய் பாதிப்பால் நினைவு தடுமாறிக்கொண்டிருந்தவர், 23ஆம் தேதி வீட்டில் சொல்லாமல் காணாமல் போனார். நாலு நாள் தேடி, துறைமுக ஊரான லெ ஆவ்ரில் கண்டுபிடித்தார்கள். அந்த நாலு நாள், வீட்டில் அவரோடு இருந்த மகள் செலின் எப்படி இருந்திருப்பாள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

1889 பிப்ரவரி 12இல் கான் நகரத்து மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேல். லிசியே முழுக்க ஒரே பேச்சு: பெண்கள் மடத்துக்குப் போனதால்தான் கிழவருக்குப் புத்தி பேதலித்தது, அதுவும் கடைசிப் பெண் போனதால் என்று. தெரசாள் காதுக்கும் இது போயிருக்கிறது. செலினும் லியோனியும் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே சில மாதம் அறை எடுத்துத் தங்கினார்கள். வாரத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க விடுவார்கள். மற்ற நாளெல்லாம் வாசலில் போய் எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

நடுநடுவே தெளிவு வரும். அதுதான் கொடுமை, அனுபவிக்கிறவர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு வேளையில் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார்: நான் கட்டளையிட்டே பழகியவன், இப்போது கீழ்ப்படிய வேண்டியிருக்கிறது, கஷ்டமாக இருக்கிறது. கடவுள் ஏன் இதைக் கொடுத்தார் என்று தெரியும், வாழ்க்கையில் எனக்கு அவமானமே நேர்ந்ததில்லை, ஒன்று தேவைப்பட்டது என்று. 1889 ஜூனில் சொத்து நிர்வாகத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியபோது, என் பிள்ளைகளே என்னைக் கைவிடுகிறார்கள், என் மேல் நம்பிக்கை இல்லை என்று அழுதார். கையெழுத்து வாங்காமல் இருக்கவும் முடியாது. நாங்களும் அப்பாவின் பாஸ்புக்கை அவர் பார்க்காத இடத்தில்தான் வைத்திருக்கிறோம்.

உழைப்பாளியா இல்லையா என்று வாதாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் பங்கில் இந்த மாதிரி அப்பாக்கள் பல வீட்டில் இருக்கிறார்கள். பூசைக்குக் கூட்டிவர மாட்டார்கள், கேட்டால் "ஊருக்குப் போயிருக்கிறார்" என்பார்கள்.

கேள்விக்குறி
அக்கா, இது எனக்குத் தெரியாது. மனநல மருத்துவமனையில் இருந்த ஒருவரைப் புனிதராக்கியிருக்கிறார்கள் என்று யாரும் சொன்னதே இல்லை. அப்புறம் அங்கேயே இறந்தாரா?

தூக்கமில்லாதவள்
இல்லை தம்பி. 1892 மே 10இல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். கால் இரண்டும் செயலிழந்துவிட்டன, இனி எங்கே ஓடப் போகிறார். இரண்டு நாள் கழித்து மடத்துக்குக் கொண்டுபோய்க் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்று பெண்களையும் பார்க்க வைத்தார்கள். கிளம்பும்போது விரலை மேலே காட்டி "விண்ணகத்தில்" என்றார். அவர்கள் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். செலின் மடத்தில் சேரும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கூடவே இருந்தாள், குளிப்பாட்டுவது முதல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு. 1894 ஜூலை 29இல், மைத்துனரின் லா முஸ் மாளிகையில் இறந்தார். செப்டம்பரில் செலின் மடத்துக்குப் போனாள்.

மார்த்தாளின் அடுப்படி
பெற்றோரைப் பற்றித் தெரசாள் ஒரு கடிதத்தில் எழுதினாரே, மண்ணுலகை விட விண்ணுலகுக்கே தகுதியான அப்பாவையும் அம்மாவையும் கடவுள் எனக்குத் தந்தார் என்று. அது 1897 ஜூலையில், அவரே சாகக் கிடக்கும்போது எழுதியது. அப்பாவின் மனநோயெல்லாம் பார்த்து முடித்த பிறகு. புனிதர் பட்ட விழாக்களில் இந்த வரியை எடுத்துப் போடுகிறவர்கள் தேதியைச் சொல்வதில்லை.

கோட்டாறு மைந்தன்
2008இல் அருளாளர் பட்டம், 2015 அக்டோபர் 18இல் திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் சேர்த்துப் புனிதராக அறிவித்தார். கணவன் மனைவியை ஒன்றாகப் புனிதராக்கியது அதுவே முதல் தடவை. குடும்பம் பற்றிய ஆயர் மாமன்றம் ரோமில் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. தூக்கமில்லாதவள் சகோதரிக்கு என் செபம். உங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னால் நவநாளில் நினைத்துக்கொள்கிறோம்.

தூக்கமில்லாதவள்
பெயர் வேண்டாம் பிரதர். "ஒரு அப்பா" என்று சொன்னால் போதும், பல வீட்டுக்கும் சேர்ந்துவிடும்.

பாலக்கரைவாசி
எல்லாருக்கும் நன்றி. பத்து நிமிஷத்தில் கடை, லேஸ், லிசியே எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கவாட்டுக் கதவை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டு நேரே 1888 ஜூனுக்குப் போகப் போகிறேன். கான் மருத்துவமனை, செலின், பத்திரக் கையெழுத்து. அக்காவிடம் ஓர் அனுமதி வேண்டும்: "ஊருக்குப் போயிருக்கிறார்" என்பதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாமா? பங்குத் தந்தையிடமும் பேசினேன். நடக்க முடியாத, நினைவு தப்பிய அப்பாக்களை அன்றைக்குக் கூட்டி வரச் சொல்லி முந்தின ஞாயிறே அறிவிக்கலாம், முன்வரிசையில் நாற்காலியும் கோவிலுக்குள் வீல்சேர் ஏற ஒரு பலகையும் போட்டுவிடலாம் என்றார். பலகைக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தூக்கமில்லாதவள்
தாராளமாகச் சொல்லுங்கள். பலகை சரிவு ரொம்பச் செங்குத்தாக வேண்டாம், தள்ளுகிறவளுக்கு மூச்சு வாங்கும். பக்கத்தில் ஒரு பாத்ரூம் கதவையும் திறந்து வையுங்கள்.

சாவிக்கடிகாரம்
பேசி முடித்ததும் அந்த அண்ணன் என்ன கேட்டார் என்று இங்கே வந்து எழுதணும். சும்மா இருக்கிற ஆள் மாதிரி தெரியவில்லை.